ஐந்து கோட்டு அணிலைப் பற்றி எழுதுவதில் உள்ள சிரமங்கள்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளிர்தேசம் ஒன்றில் அச்சான ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் அது ஏற்கெனவே இருந்தது. என் மகள் நஜீஹா நாலாம் வகுப்பில் இருந்தபோது அந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தது. குளிர்கால விடுமுறைக்கான வேலை என்று மிஸ் அந்தப் பக்கத்தைச் சுழித்துக் கொடுத்திருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“உன் வீட்டுக்கு அருகிலுள்ள பைன் காட்டுக்குப் போ. அங்கே வாழும் நேட்டிவ் அணில் ஒன்றை ஏழு நாள் கவனி. பார்த்ததை மட்டும் எழுது.”

எங்கள் வீடு வளைகுடாவில், அல் ஐன் நகரில், என் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அருகில் இருந்தவை ஒரு ரொட்டிக்கடை, ஒரு டயர்கடை, ஒரு ரவுண்டானா.

கதையை நான் முதலில் இப்படித் தொடங்கினேன்:

பைன் மரங்களின் ஊசியிலைகள்மேல் வெண்பனி மெல்லப் படிந்து—

இல்லை. அல் ஐனில் வெண்பனி ஏது? மூடுபனிதான் உண்டு, அதுவும் காலை எட்டரை மணிவரைக்கும். அடுத்து இப்படி:

பாலைவனத்தின் நடுவே, தன் இனத்தார் யாருமின்றி, தன்னந்தனியாக ஓர் அணில்—

இதை நஜீஹா படித்துவிட்டாள். இப்போது, 1998இல், அவளுக்கு வயது பதின்மூன்று. நான் எழுதுவதையெல்லாம் படித்துத் திருத்துவது தன் கடமை என்று நினைக்கிறாள். “வாப்பா, அது தனியா இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நாம ஒண்ணைத்தான் பார்த்தோம். மத்தது ஒளிஞ்சிருந்திருக்கலாம்ல?”

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லப்போகிறேன். தடுமாறும் இடங்களில் தடுமாற்றத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

மிஸ் நல்லவர். அணில் கிடைக்காதவர்கள் பூனையைப் பற்றி எழுதலாம், அதுவும் முடியாவிட்டால் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதலாம் என்று சொல்லியிருந்தார். வகுப்பில் முப்பத்தொன்பது பிள்ளைகள் நிம்மதியடைந்தார்கள். நாற்பதாவது பிள்ளை என் வீட்டில் இருந்தது.

“பூனையப் பத்தி எழுதேன்மா. கீழே ரொட்டிக்கடைல நாலு கெடக்குதே” என்றாள் என் மனைவி இஃப்பத்.

“பூனை அணில் இல்ல உம்மா.”

“நாலு காலு இருக்குல்ல?”

“டேபிளுக்கும் இருக்கு.”

இஃப்பத் என்னைப் பார்த்தாள். பிள்ளை யார் ஜாடை என்கிற பழைய வழக்கு எங்களுக்குள் நிலுவையில் இருந்தது. அன்று அது என் தரப்புக்குப் பாதகமாகத் தீர்ந்தது.

அன்று வியாழன் சாயங்காலம். சேதுபதி கடைக்குக் குரங்குக் குல்லா வாங்க வந்தார். பரமக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஊருக்கு வெளியே அரசாங்கம் மரம் வளர்க்கும் காட்டில், ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆளாக, மரங்களுக்குத் தண்ணீர் விடும் பைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கேம்ப்பும் அங்கேயேதான். குல்லாவை மாட்டி, கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடையில் என் பக்கத்தில் நின்ற நஜீஹாவின் புலம்பலைக் கேட்டு அப்படியே நின்றார்.

“அணிலா பாப்பா? எங்க காட்டுல ஒண்ணு கெடக்கே.”

“இங்கேயா? அல் ஐன்லயா?”

“ரெண்டு மாசமாப் பாக்குறேன். சவுக்கு மரத்துல.”

நஜீஹா புத்தகத்தைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினாள். “இந்த மரம் மாதிரி இருக்குமா? இலை ஊசி ஊசியா, கீழே காய் விழுந்து கிடக்குமா?”

சேதுபதி படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். “ஊசி ஊசியாத்தான் இருக்கும். காயும் இருக்கும், சின்னச் சின்னதா, முள்ளு முள்ளா. செருப்பில்லாம மிதிச்சா உசுரு போயிரும்.”

“அப்ப அது பைன் காடு” என்றாள் நஜீஹா.

[தாவரவியல் தெரிந்தவர்கள் இங்கே கடிதம் எழுதக் கிளம்புவார்கள். சவுக்கு பைன் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு காட்டைக் கண்டுபிடித்திருக்கும்போது குறுக்கே விழ எனக்கு மனம் வரவில்லை.]

3

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் பழைய காரில் போனோம். கடை திறக்க ஒன்பது மணி. ஒவ்வொரு நாளும் அதற்குள் திரும்பியாக வேண்டும். காற்றைத் தடுப்பதற்காக நட்ட சவுக்குமரங்கள் வரிசை வரிசையாக நின்றன. மூடுபனியில் நாலாவது மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நஜீஹா இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். நான் சட்டைக்கு மேல் சட்டை போட்டிருந்தேன். துணிக்கடைக்காரனுக்கு அது ஒரு வசதி.

முதல் நாள் அணில் வரவில்லை. நஜீஹா எழுதினாள்: “முதல் நாள். அணில் இல்லை. குளிர் இருந்தது. வாப்பா இருபத்திரண்டு முறை தும்மினார்.”

இரண்டாம் நாள் மூடுபனி விலகி, மரத்தின் ஒரு பக்கத்தில் வெயில் பட்டதும், தடதடவென்று பம்ப் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்ததுபோல மேலிருந்து தலைகீழாக இறங்கி வந்தது. பாதித் தண்டில் நின்றது, வாலை உதறியது, எங்களைப் பார்த்து ‘கிச்’ என்று ஒரு அதட்டல் போட்டது. நான் முப்பது வருடமாக அணில் பார்த்தவன். ஆனால் அன்று ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று

(இந்த வாக்கியம் முடிய மறுக்கிறது. முடிக்காமலே விடுகிறேன்.)

சேதுபதி வேர்க்கடலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “வாடா ராசா. வாடா என் தங்கம். பாப்பா ஒன்னப் பத்தி எழுத வந்திருக்கு, மொகத்தக் காட்டு.”

அது கடலையை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தது. நஜீஹா பென்சிலால் காற்றில் புள்ளி வைத்து எண்ணினாள்.

“அஞ்சு.”

“என்ன பாப்பா அஞ்சு?”

“முதுகுல கோடு. அஞ்சு இருக்கு.”

“அட, மூணுதான் பாப்பா. எல்லா அணிலுக்கும் மூணு. ராமர் தடவிக் குடுத்தது.”

“நீங்க எண்ணுங்க அங்கிள்.”

சேதுபதி எண்ணினார். குல்லாவைக் கழற்றிவிட்டு மறுபடி எண்ணினார். நானும் எண்ணினேன். நடுவில் மூன்று, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு. ஐந்துதான். எங்கள் பக்கத்து அணில்களுக்கு மூன்று கோடு, வடக்கே போனால் ஐந்து கோடு என்று எப்போதோ படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன்.

சேதுபதி குல்லாவை மறுபடி மாட்டிக்கொண்டார். இங்கேதான் என் கை பரபரத்தது. ‘தன் ஊர் அணில் என்று இரண்டு மாதம் நம்பியிருந்தவனின் கண்கள் கலங்கின’ என்று எழுதி, ஒரு பத்தி முழுக்க அவரை அழவைத்து, வாசகரையும் கூடவே அழவைக்கத் திட்டம் போட்டேன். பிறகு அடித்துவிட்டேன். ஏனென்றால் உண்மையில் அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவி! ஹிந்திக்காரனா நீயி? ரெண்டு மாசமா ஒங்கிட்டத் தமிழ்லயே பேசிக்கிட்டிருக்கேன். அதான் ஒரு வார்த்தைக்கும் பதில் இல்ல!” என்றவர், குரலை மாற்றி, மரியாதையாக இந்தியில், வந்து கடலை தின்னச் சொல்லிக் கை நீட்டினார். “ஆவோ பாய், இதர் ஆவோ. மூங்பலி காவோ.”

சத்தியமாகச் சொல்கிறேன், அது வந்தது.

4

மூன்றாம் நாள் நஜீஹாவுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. கேள்வியில் ‘நேட்டிவ் அணில்’ என்று இருக்கிறதே. இது அல் ஐன் அணில் இல்லை என்றால் எழுதலாமா, கூடாதா?

இது எப்படி இங்கே வந்தது என்பதற்கு மூன்று விளக்கங்கள் கிடைத்தன. மாட்டுத்தீவன மூட்டையோடு கப்பலில் வந்தது என்பது சேதுபதி கட்சி. யாரோ கூண்டில் வளர்த்து, தப்பி ஓடிவந்தது என்பது என் கட்சி. இஃப்பத்தைக் கேட்டால், “விசிட் விசாவுல வந்திருக்கும். எல்லாரும் அப்படித்தான வர்றாங்க” என்றாள்.

நஜீஹாவின் கவலையைக் கேட்ட சேதுபதிக்கு அதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. “நேட்டிவ்தானே பாப்பா? லீவு ஃபார்ம்ல கேப்பானே, ‘நேட்டிவ் பிளேஸ்’னு. எனக்கு நேட்டிவ் பரமக்குடி. வாப்பாவுக்கு நேட்டிவ் கீழக்கரை. இதுக்கும் எங்கயாச்சும் ஒரு நேட்டிவ் இருக்கத்தான செய்யும்? அப்ப இது நேட்டிவ் அணில்தான்.”

அந்தப் புத்தகத்தை எழுதியவர் எந்த அர்த்தத்தில் எழுதினாரோ தெரியாது. வளைகுடாவில் இருக்கும் நமக்கு நேட்டிவ் என்றால் இங்கே இல்லாத இடம். நஜீஹா இரண்டு அர்த்தத்தையும் நோட்டில் எழுதி, “இரண்டாவது, சேதுபதி அங்கிள் சொன்னது” என்று குறித்துக்கொண்டாள்.

5

நான்காம் நாள் காலை அணில் கீழே இறங்கி, மண்ணில் ஓடும் கறுப்புப் பைப்பின் மேல் ஏறி உட்கார்ந்து, அதைக் கடித்தது. பீச்சென்று தண்ணீர் தெறித்தது. நக்கிக் குடித்தது. இன்னும் நாலடி தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் கடித்தது. பிறகு மூன்றாவதாக ஓர் இடம்.

சேதுபதியின் முகம் மாறியது. சட்டைப்பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டுகளை எடுத்தார். அவை ஏற்கெனவே அளவாக வெட்டித் தயாராக இருந்தன. மூன்று இடத்திலும் சுற்றிக் கட்டினார். அப்போதுதான் கவனித்தேன். பைப் முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, டியூப் கட்டுகள்.

“தெனமும் இதே கத பாய். ஃபோர்மேன் மீரா சாகிப் எலின்னு நெனச்சிட்டு இருக்காரு. வர்ற வியாழக்கெழம மருந்து வைக்கப்போறாரு. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா, ரெண்டு மாசமா ஏண்டா மறைச்சேன்னு என்னைய வேற சைட்டுக்குத் தூக்கிருவாரு.” பிறகு நஜீஹாவைப் பார்த்தார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். “பாப்பா... அத மட்டும் எழுத வேணாமே.”

“எழுதிட்டேன் அங்கிள். பார்த்ததை எழுதணும்னு போட்டிருக்கு.”

“ஒங்க நோட்டு யாரு கண்ணுலயாச்சும் பட்டா?”

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு பைப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று மதியச் சாப்பாட்டில் நான் அவளுக்கு ஒரு யோசனை சொன்னேன். கதை எழுதுகிற புத்தி, வேறென்ன? “‘பைப்பைக் கடித்தது’ங்கிறத ‘பைப்பின் அருகே அமர்ந்திருந்தது’ன்னு மாத்திடேன். அதுவும் உண்மைதானே?”

“அப்ப அதோட பல்லு என்ன பண்ணிட்டிருந்துச்சு வாப்பா?”

இஃப்பத் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “புள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறீங்க” என்றாள்.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.  இந்தக் கதையிலும் நான் விட்டிருக்கும் விஷயங்கள் உண்டு. விட்டால் பொய்யா? சிலது பொய்தான். சிலது வெறும் நீளம்.

நஜீஹா கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்: “அது பைப்பைத் திங்கல. கடிச்சுட்டு நக்குது. வேற எங்கேயும் அதுக்குத் தண்ணி இல்ல. நான் கடிச்சதைத்தான் எழுதியிருக்கேன். ஏன் கடிச்சுதுன்னு எழுதல. அதையும் எழுதணும்.”

6

ஐந்தாம் நாள் ஒரு பால்மாவு டின்னின் மூடியைக் கொண்டுபோனோம். நஜீஹா அதைச் சவுக்கு மரத்தடியில் மண்ணில் பதித்து, தண்ணீர் ஊற்றினாள். அணில் அதைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தது, சந்தேகப்பட்டது, போய்ப் பைப்பில் ஓரிடத்தில் கடித்தது. திரும்பி வந்து மூடியில் குடித்தது.

ஆறாம் நாள் நேராக மூடிக்கு வந்தது. பைப்பில் புதுக் கடி ஒன்றுமில்லை. சேதுபதி நடந்து நடந்து பார்த்தார். நம்பாமல் மறுபடியும் நடந்தார். டியூப் துண்டுகள் பையிலேயே இருந்தன.

ஏழாம் நாள் வியாழன். எட்டு மணிக்கு ஃபோர்மேனின் பிக்கப் வந்தது.

இந்த இடத்துக்கு நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். முதல் முடிவில் அணில் சாகிறது. எழுதி முடித்ததும் எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன். இரண்டாவதில் ஃபோர்மேன் அணிலைக் கண்டதும் தன் பால்யத்தை நினைத்து உருகி, நான்கு பக்கம் பேசுகிறார். அதை நஜீஹா கிழித்துவிட்டாள். “மீரா சாகிப் அங்கிள் நாலு பக்கம் பேசுவாரா? அவர் நாலு வார்த்தை பேசினாலே பெருசு.”

நடந்தது இதுதான்.

மீரா சாகிப் கையில் மருந்துப் பொட்டலத்தோடு இறங்கினார். எனக்குத் தெரிந்தவர், தொண்டிக்காரர். “என்ன கலீல் காக்கா, பிக்னிக்கா?”*

“மகளுக்கு ஸ்கூல் வேலை.”

“எலி மருந்து வைக்கணும். புள்ளயத் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

“எலி இல்ல அங்கிள். அணில்” என்றாள் நஜீஹா.

சேதுபதி கண்ணை மூடிக்கொண்டார்.

மீரா சாகிப் அவர் பக்கம் திரும்பினார். “அணிலா? ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். என் மகள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாலும் அந்த நோட்டில் இருப்பதைத்தான் அவள் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவரைக் காட்டிக்கொடுக்கவும் அவளுக்கு விருப்பமில்லை என்பது அவள் உதடு நடுங்கியதில் தெரிந்தது. சேதுபதி அதைப் பார்த்திருக்க வேண்டும். ஓரடி முன்னால் வந்தார்.

“தெரியும் சார். ரெண்டு மாசமாத் தெரியும்.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா மருந்து வைப்பீங்க சார்.”

“சொல்லாமயும் வைக்கத்தான வந்திருக்கேன்!”

 நஜீஹா நோட்டைப் பிரித்தாள். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் மாற்றி மாற்றி வாசித்தாள். “நாலாம் நாள், கடி மூணு. அஞ்சாம் நாள், மூடி வச்சோம், கடி ஒண்ணு. ஆறாம் நாள், கடி இல்ல. காரணம், தாகம்.”  

மீரா சாகிப் குனிந்து பைப்பைக் கையால் தடவிக்கொண்டே பத்தடி போனார். அந்த நேரம் பார்த்து எங்கள் நாயகன் மேலிருந்து இறங்கினான். நாங்கள் நால்வரும் சிலையானோம். அவன் மூடியோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, அவசரமில்லாமல் குடித்தான். மீரா சாகிப்பின் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது.

“நம்ம ஊரு அணில் மாதிரி இல்லையே” என்றார் கிசுகிசுப்பாக.

“ஹிந்திக்காரன் சார்” என்றார் சேதுபதி, அதைவிட மெதுவாக.

ஃபோர்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினார். அணில் ஓடிப்போனது. அவர் பொட்டலத்தைப் பிக்கப்புக்குள் எறிந்தார். “ஆபீசுக்கு ரெண்டு தடவ எலின்னு எழுதிட்டேன். இப்ப அணில்னு எழுதுனா மெமோ எனக்குத்தான் வரும். எலி போயிருச்சுன்னு எழுதிக்கிறேன்.”

“அது உண்மை இல்லையே அங்கிள்” என்றாள் நஜீஹா. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

ஃபோர்மேன் சேதுபதியிடம் விரலை நீட்டினார். “ஒரு வாரம் பாப்பேன். ஒரு பைப் ஒழுகினாலும் அவனுக்கு மருந்து, ஒனக்கு வேற சைட்டு. கலாஸ், அவ்வளவுதான்.”

* காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். இந்தக் கதையில் பறவைகள் யாரும் வரமாட்டார்கள்.

7

நஜீஹா வாசித்த கடி எண்ணிக்கை சரிதானா என்று அவளிடமே சரிபார்த்துவிட்டேன். சரி என்றாள். மேலே போகலாம் என்றும் சொன்னாள்.

8

அதற்கடுத்த வாரம், இங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலை, மறுநாள் பள்ளி திறக்கும் என்ற நிலையில், பாடப்புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு கேள்வி ஒட்டிக்கொண்டிருந்தது. “நீ திரும்பி வந்த பிறகு அணில் என்ன செய்துகொண்டிருக்கும்? எட்டு வரிகள் எழுது.”

“நான்தான் அங்கே இல்லையே. எப்படித் தெரியும்?” என்றாள் நஜீஹா. கற்பனை செய்து எழுது என்றேன். அது என் தொழில், நான் வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

அப்போது சேதுபதி கடைக்குள் வந்தார். வாயெல்லாம் பல். “பாப்பா, ஒரு சொட்டு ஒழுகல! ஃபோர்மேன் நேத்து வந்து பாத்துட்டு, ஒண்ணும் பேசாம ஒரு பொட்டலம் கடலை வச்சிட்டுப் போனாரு.”

நஜீஹா கைதட்டிக் குதித்தாள். பிறகு ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து, கண்ணாடி மேசைமேல் பிரித்து, பென்சிலை அவர் கையில் கொடுத்தாள். “நீங்கதான் அங்கேயே இருக்கீங்க. இந்தப் பக்கத்தை நீங்க எழுதுங்க.”

“எனக்கு இங்கிலீஷ் வராதே பாப்பா.”

“தமிழ்ல எழுதுங்க. ஆனா பார்த்ததை மட்டும்.”

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் வாடிக்கையாளர் ஒருவருக்கு லுங்கி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டு வரி எழுத அவருக்கு அரைமணி நேரம் ஆனது. எழுதும்போதே தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். முடித்ததும் நஜீஹா நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டாள். “அது அவரோட அப்சர்வேஷன் வாப்பா. நீங்க படிச்சா திருத்துவீங்க.” அவளுக்கோ அப்போது தமிழ் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராது. மிஸ்ஸுக்கும் தமிழ் தெரியாது. பக்கத்தின் குறுக்கே பெரிதாக ஒரு டிக் போட்டு, நட்சத்திரம் ஒட்டி, கண்காட்சிக்கென்று நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அது திரும்பி வரவேயில்லை. அந்தக் கோடையில் லீவில் போன சேதுபதியும் வேறு கம்பெனியில் சேர்ந்து தோஹாவுக்குப் போய்விட்டார்.

ஆகவே முடிவு என் கையில் இல்லை. எட்டு வரிகளில் ஒரே ஒரு சொல் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஐந்தாவது வரியில் இருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று சேதுபதி பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், கடையின் அந்தக் கோடியிலிருந்து என்னைக் கேட்டார்:

“பாய், தொரத்துதுன்னு எழுதணும். சின்ன ரவா, பெரிய றவா?”

“சின்ன ர” என்றேன். “யாரு யாரத் தொரத்துது? இருக்கறது ஒண்ணுதானே?”

“இருங்க பாய், எழுதிட்டிருக்கேன்ல” என்று மறுபடி குனிந்துகொண்டார்.